கவுன்ட்டர் வந்துவிட்டது, கவுன்சில் எப்போது?

ஏப்ரல் பிறந்தால் பேரூராட்சி அலுவலகங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அரையாண்டுச் சொத்துவரியை முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. அதை விட மனசு வராமல் காலை பத்து மணிக்கே வரிசை நிற்கும். ஜன்னலுக்கு உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சொத்துவரி ரசீதும் அவர்தான், குடிநீர்க் கட்டணமும் அவர்தான். நடுவில் ஒரு பெரியவர் வந்து, “அப்பா பேர்ல இருக்கிற வீட்டு வரியை என் பேருக்கு மாத்தணும் தம்பி” என்பார். இன்னொருவர், “எங்க தெரு லைட்டு நாலு நாளா எரியலைங்க” என்பார். பில் கலெக்டர் வசூலுக்குப் போயிருப்பார். செயல் அலுவலரான ஈ.ஓ. கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். சில ஊர்களில் பக்கத்துப் பேரூராட்சியையும் அவரே கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பார். இந்த நேரம் பார்த்து சர்வர் நின்றுபோகும்.

இவ்வளவு சிறிய அலுவலகத்தின் தோளில் அரசமைப்புச் சட்டம் ஏற்றிவைத்திருக்கும் சுமை சிறியதல்ல. 1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியல் போட்டது. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, சுடுகாடு, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அதில் உண்டு. அவற்றைச் செய்ய வேண்டிய பணம்தான் வரவில்லை. இந்தியாவில் நகர உள்ளாட்சிகளின் வருவாய் எல்லாவற்றையும் கூட்டினாலும், நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தைச் சுற்றியே பல ஆண்டுகளாக நிற்கிறது.

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. ஊரகப் பக்கம் 12,525 கிராம ஊராட்சிகள். நாடு முழுக்கப் பார்த்தால் நகர உள்ளாட்சிகள் 4,500-க்கு மேல், கிராம ஊராட்சிகள் இரண்டரை லட்சம். இவற்றில் பெரிய மாநகராட்சி ஒன்று மென்பொருளுக்கு டெண்டர் விட்டால் பெரிய கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வரும். பதினைந்து வார்டு உள்ள பேரூராட்சி டெண்டர் விட்டால் யார் வருவார்கள்? மாநகராட்சிக்குத் தேவையான அதே சொத்துவரி, அதே உரிமம், அதே புகார், அதே கணக்குதான் பேரூராட்சிக்கும் தேவை. மென்பொருள் எழுத ஆகும் செலவும் ஏறக்குறைய அதே செலவுதான். அதைத் தாங்கும் வரவுதான் அங்கே இல்லை. ஆளுக்கொரு டிராக்டர் வாங்க முடியாத ஊரில், பொதுவில் ஒன்று வாங்கி முறை வைத்து ஓட்டுவார்களே, அப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் சிறிய உள்ளாட்சிகள் கணினி யுகத்துக்குள் வரவே முடியாது.

அந்தப் பொது டிராக்டரைச் செய்து கொடுக்கக் கிளம்பிய ஓர் இலாப நோக்கற்ற நிறுவனத்தின் இருபது ஆண்டுக் கதை, இன்று தன் ஊர் வரியைக் கைப்பேசியில் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதையில் நடந்த நல்லதும் தெரிய வேண்டும், நடக்காமல் போனதும் தெரிய வேண்டும்.

பெங்களூரில் போட்ட விதை

எஸ்.எம். கிருஷ்ணா கர்நாடக முதல்வராக இருந்தபோது, 1999-இல் ‘பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்’ என்ற குழு அமைந்தது. தலைவர், இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகனி. மாநகராட்சியின் கணக்கு வைப்பு முறையை மாற்றுவது, சொத்துவரியை வீட்டுக்காரரே கணக்கிட்டுக் கட்டும் முறையைக் கொண்டுவருவது என்று அந்தக் குழு கை வைத்த இடமெல்லாம் ஒரே முடிச்சில் போய் நின்றது. ஊரில் எத்தனை கட்டடம் இருக்கிறது, யார் எவ்வளவு கட்டினார்கள், பணம் எங்கே செலவானது என்று கேட்டால் நிர்வாகத்திடம் உடனே எடுத்துக் கொடுக்கப் பதில் இல்லை. 

அதே காலத்தில் சிலிக்கன் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார் ஸ்ரீகாந்த் நாதமுனி. 2003-இல் நிலேகனியும் அவரும் சேர்ந்து ‘ஈகவர்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன்’, சுருக்கமாக ‘ஈகவ்’, என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். உள்ளாட்சிகளுக்கு மட்டுமே மென்பொருள் செய்வது, அதை இலாபத்துக்கு விற்காமல் இருப்பது, ஒரு ஊருக்குச் செய்ததை அடுத்த ஊரும் பயன்படுத்தும்படி செய்வது என்பதுதான் அவர்களின் யோசனை. நாதமுனி பிறகு 2009-இல் ஆதார் திட்டத்தின் தொழில்நுட்பத் தலைமைக்குப் போனார். ஆதார் நாடறிந்த பெயராகிவிட்டது. அதற்கு ஆறாண்டுகள் முன்பே நகராட்சிப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டிய இந்த வேலையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. என் கணிப்பில் இரண்டில் கடினமான வேலை இதுதான். அடையாள எண் என்பது மனிதருக்கு ஒன்று. ஊர் நிர்வாகம் அப்படியல்ல. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, ஊருக்கு ஊர் வரி விகிதம் வேறு, தெருவுக்குத் தெரு பழக்கம் வேறு.

முதல் பெரிய களம் கர்நாடகத்தின் ‘நிர்மல நகர’ திட்டம். 57 நகரங்கள் அதில் சேர்ந்தன. சொத்துவரி, பிறப்பு இறப்புச் சான்றிதழ், பொதுமக்கள் புகார், இரட்டைப் பதிவுக் கணக்கு என்று நான்கு வேலைகள் கணினிக்குப் போயின. பெங்களூரின் ஜொலிப்புக்கு வெகு தொலைவில் இருந்த நகராட்சிகள் பல அதில் அடக்கம். 2004-இல் தேசிய நகராட்சிக் கணக்கியல் கையேடும் வெளிவந்து, ரொக்கப் புத்தகத்தில் வரவு செலவு மட்டும் எழுதும் பழைய முறையை விட்டு, சொத்தும் கடனும் தெரியும் கணக்குக்கு மாறச் சொன்னது. சென்னை மாநகராட்சியும் இந்த அறக்கட்டளையின் மென்பொருளைச் சொத்துவரிக்கும் கணக்குக்கும் எடுத்துக்கொண்டது.

ஒரு பக்கம், ஓராயிரம் சந்தேகம்

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குக் கணினிமயம் என்றால் பெட்டி வாங்கி வைத்து, மென்பொருளை ஏற்றி, ரிப்பன் வெட்டுவது. உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைக் கேட்டால் ‘டிமாண்ட் ரிஜிஸ்டர்’ என்று ஒரே வார்த்தையில் பெருமூச்சு விடுவார்கள்.

சொத்துவரி டிமாண்ட் ரிஜிஸ்டரில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். வரிவிதிப்பு எண், கதவு எண், உரிமையாளர் பெயர், அரையாண்டு வரி, பழைய நிலுவை. பார்க்க எளிது. ஒவ்வொரு வரியாக இறங்கினால்தான் சிக்கல் தெரியும். உரிமையாளர் என்று எழுதியிருப்பவர் இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். பெயர் மாற்றம் செய்ய யாரும் வரவில்லை. ஒரே வீட்டைப் பாகம் பிரித்ததில் அண்ணனுக்கு ஓர் எண், தம்பிக்கு ஓர் எண், பிரிக்கும் முன்பிருந்த பழைய எண்ணும் அப்படியே உயிரோடு. அந்தப் பழைய எண்ணில் ஆண்டுதோறும் நிலுவை ஏறிக்கொண்டே போகும். கட்ட வேண்டிய ஆளே கிடையாது. கதவு எண் இரண்டு முறை மாறியிருக்கும். மாடி எடுத்தவர் இன்னமும் ஓட்டு வீட்டுக்கான வரியைத்தான் கட்டிக்கொண்டிருப்பார். இதில் எது சரி என்று பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான்: இருபது வருடமாக அந்தத் தெருக்களில் சைக்கிளிலும் டி.வி.எஸ்.ஸிலும் சுற்றி வரும் பில் கலெக்டர்.

ஆகவே ஓர் ஊரின் கணினிமயம் வெற்றி பெறுமா என்பதை அந்த பில் கலெக்டரும், பதிவேட்டைப் பராமரிக்கும் இளநிலை உதவியாளரும்தான் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் மனசு வைத்தால் பதிவேடு சுத்தமாகும். அவர்களை ஒதுக்கிவிட்டு வெளி ஏஜென்சி ஆட்களை வைத்து, ஒரு பதிவுக்கு இத்தனை ரூபாய் என்று தட்டச்சு செய்யவைத்தால், நோட்டில் இருந்த தப்பெல்லாம் அப்படியே திரைக்குப் போகும். நோட்டில் இருக்கும்வரை பென்சிலால் திருத்தலாம். திரைக்குப் போன தப்பைத் திருத்த மனு வேண்டும், ஆவணம் வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மென்பொருள் வந்த பிறகும் பல அலுவலகங்களில் நோட்டும் கணினியும் ஒருசேர ஓடுவதற்கு இதுதான் காரணம். ஊழியர் மேல் பழி போடுவது எளிது. தணிக்கைக்கு வருகிறவர் நோட்டைக் கேட்கிறவரை அவர் இரண்டையும்தான் எழுதியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் சின்ன ஊர்களுக்கே உரியது. இந்த மென்பொருள்களில் ஒரு மனு மேசை மேசையாக நகரும்படி வழி போட்டிருப்பார்கள். கவுன்ட்டர் ஊழியர் பதிவார், ஆவணச் சரிபார்ப்பாளர் பார்ப்பார், கள ஆய்வாளர் நேரில் போவார், ஒப்புதல் அதிகாரி கையெழுத்திடுவார். புகாருக்கும் அப்படியே. வந்த புகாரைப் பிரித்து அனுப்ப ஒருவர், களத்தில் சரிசெய்ய ஒருவர்; சரியாகவில்லை என்றால் புகார் தந்தவரே அதை மறுபடி திறக்கலாம். மாநகராட்சியில் இந்த நாலு நாற்காலியிலும் நாலு பேர் இருப்பார்கள். சின்ன ஊரில் நாலு லாகினும் இரண்டு பேர் கையில். ஒரே ஆள் தன் மனுவைத் தனக்கே அனுப்பி, தானே பெற்றுக்கொண்டு, மறுபடி அனுப்புவார். ஈகவ் பொறியாளர்கள் இதைப் புரிந்துகொண்டு, படிகளை ஊருக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதியைப் பிற்காலத்தில் வைத்தார்கள். வசதி இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் உரிமை ஊர் அலுவலகத்தின் கையில் இருப்பது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நிறுவுவதிலிருந்து விடுவிப்புக்கு

முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஈகவ் ஊர் ஊராகப் போய்த் தானே நிறுவிக் கொடுத்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 110 நகர உள்ளாட்சிகள் ஒரே மென்பொருளுக்குள் வந்தது அதன் உச்சம். ஒரு மாநிலத்தின் எல்லா நகரங்களும், பெரிது சிறிது பார்க்காமல், ஒன்றாகக் கரையேறலாம் என்று அங்கேதான் நிரூபணமானது. அதே நேரத்தில் ஓர் அறக்கட்டளை எத்தனை மாநிலத்துக்கு ஆள் அனுப்பும் என்ற கேள்வியும் எழுந்தது. 

அதன் பிறகுதான் ‘டிஜிட்’ என்ற தளம் உருவானது. பழைய மென்பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, வரி, உரிமம், புகார், குடிநீர் இணைப்பு, கட்டட வரைபட ஒப்புதல், கணக்கு என்று தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மறுபடி எழுதினார்கள். நிரல் முழுவதையும் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம், உரிமக் கட்டணம் கிடையாது. நிறுவித் தரும் வேலையை மாநில அரசுகளும் தனியார் நிறுவனங்களும் பார்த்துக்கொள்ள, அறக்கட்டளை தளத்தை வளர்ப்பதோடு நின்றது. செலவுக்கு நிலேகனி குடும்பம், டாடா அறக்கட்டளைகள், ஓமித்யார் நெட்வொர்க் போன்றவர்களின் நன்கொடை.

பஞ்சாப் ‘எம்சேவா’ என்ற பெயரில் இதைத் தன் 160-க்கும் மேற்பட்ட நகர உள்ளாட்சிகளுக்குக் கொண்டுபோனது. அங்குள்ள சிறு நகர் பஞ்சாயத்துகளும் லூதியானா, அமிர்தசரஸ் மாநகராட்சிகளும் ஒரே தளத்தில். ஒடிசா ‘சுஜோக்’ என்ற பெயரில் எடுத்தது. 2021 பிப்ரவரி 23-ஆம் தேதி மத்திய அரசு தேசிய நகர்ப்புற டிஜிட்டல் இயக்கத்தை அறிவித்தபோது, அதன் ‘உப்யோக்’ தளத்துக்கு அடித்தளமானதும் டிஜிட்தான். 2022-க்குள் 2,022 நகரங்கள், 2024-க்குள் எல்லா நகரங்களும் என்பது அன்று வைத்த இலக்கு. கொரோனாக் காலத்தில் இதே நிறுவனம் உருவாக்கிய ‘டைவாக்’ என்ற மென்பொருள்தான் இந்தியாவின் தடுப்பூசிச் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்தது. இலங்கையும் பிலிப்பைன்ஸும் அதை எடுத்துக்கொண்டன. சின்ன ஊர்களுக்காகத் தொடங்கிய வேலை கடல் கடந்ததில் மகிழ்ச்சிதான். உள்ளூர் நகராட்சியின் கதையை விட்டு நாம் விலக வேண்டாம்.

உரிமக் கட்டணம் இல்லாத, பூட்டுப் போடாத மென்பொருள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவப்பட்ட அலுவலகங்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்து கம்பெனி வெளியேறினால், அதோடு மென்பொருளும் போய், தரவும் திறக்க முடியாத கோப்பாகக் கிடக்கும் அவலம் இந்தத் துறையில் புதிதல்ல. அந்த ஆபத்திலிருந்து சிறிய உள்ளாட்சிகளைக் காப்பாற்றும் வழி திறந்த மூலம்தான். இதற்காக மட்டுமே இந்த முயற்சியை மனதாரப் பாராட்டலாம்.

ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

இனி, நடக்காமல் போனது.

டிஜிட் தளத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடையாளம் உண்டு. மாநிலத்தைக் குறிக்க இரண்டு எழுத்து, அடுத்து ஒரு புள்ளி, அதற்குப் பிறகு ஊர்ப் பெயர். பஞ்சாபின் எல்லா ஊர்களும் அந்த இரண்டெழுத்தின் கீழேதான் வரும். வரி வகைகள், மனுப் படிகள், யாருக்கு என்ன அதிகாரம் என்ற அடிப்படைத் தகவல்கள் மாநில அளவில் ஓரிடத்தில் இருக்கும். தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் இது சரியான வடிவமைப்பு. செலவு குறையும், பராமரிப்பு எளிது. ஆனால் நம் நாட்டு அதிகார அமைப்பும் இந்தப் புள்ளி வைத்த பெயரைப் போலவே இருக்கிறது. உள்ளாட்சிக்கு எந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்பதை 74-ஆவது திருத்தமே மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதன் விளைவாக, மென்பொருளை வாங்குவது மாநிலம், என்னென்ன பகுதிகள் வேண்டும் என்று சொல்வது மாநிலம், படிகளைக் கூட்டிக் குறைப்பது மாநிலம், தரவு குடியிருப்பது மாநிலத்தின் சர்வரில். ஊருக்குக் கிடைப்பது ஒரு லாகின்.

மாநிலம் முதலில் கேட்டது எதை என்று பாருங்கள். சொத்துவரி வசூல். பதினைந்தாவது நிதிக்குழுவும் நகரங்களுக்கான மானியத்துக்கு நிபந்தனை வைத்தது: தணிக்கை செய்த கணக்கு இணையத்தில் இருக்க வேண்டும், சொத்துவரி வசூல் மாநிலப் பொருளாதாரத்தின் வளர்ச்சிக்கு ஈடாகக் கூட வேண்டும். வரி வசூலாவது ஊருக்கு நல்லதுதான், அதில் இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் மேலே உள்ளவர் பார்க்கும் டாஷ்போர்டில் எது எண்ணப்படுகிறதோ அதுதான் கீழே வேலையாக நடக்கும். வசூல் எண்ணப்பட்டது, புகார் எண்ணப்பட்டது. கவுன்சில் கூடியதா, என்ன தீர்மானம் போட்டது, அந்தத் தீர்மானம் என்னவாயிற்று என்பதை யாரும் எண்ணவில்லை.

தொழில்நுட்பத்தால் முடியாதது அல்ல இது. ஈகவ் முன்பு உருவாக்கிய நகராட்சி மென்பொருளில் கவுன்சில் கூட்டத்துக்கென்றே தனிப் பகுதி இருந்தது. பொருள் குறிப்பு, அஜெண்டா, கூட்டம், தீர்மானம் எல்லாம் அதில் ஏறும். கேட்பார் இருந்தால் செய்து கொடுக்க ஆள் இருந்தார்கள்.

கவுன்சிலே இல்லாமல் போகும் வலி தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. அதன் பிறகு நம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் கிடைத்தது 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்களே தீர்மானம் போட்டு, தனி அலுவலர்களே நிறைவேற்றினார்கள். இந்த இடைவெளியில்தான் 2018-இல் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரையிலும் மற்றவற்றுக்கு 100 சதவீதம் வரையிலும் சொத்துவரி உயர்ந்தது. மக்கள் கொதித்த பிறகு 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ‘எங்க வார்டு மெம்பர் என்ன சொல்றார்?’ என்று கேட்க அன்று ஒரு வார்டு மெம்பரும் இல்லை. ஆனால் வரி ரசீது வந்துகொண்டுதான் இருந்தது. கிராமங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து, அங்கும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊராட்சி வரியை இணையத்தில் கட்டும் வசதி மட்டும் தடங்கல் இல்லாமல் தொடர்ந்தது.

கவுன்சில் இல்லாமலே கவுன்ட்டர் நன்றாக ஓடுகிறது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி. சேவை வேகமாகக் கிடைக்க வேண்டும்; பெயர் மாற்றத்துக்கு எட்டு முறை அலைந்த பெரியவருக்கு அதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. ஆனால் பேரூராட்சி என்பது வரி கட்டும் ஜன்னல் மட்டும் என்றால் அதற்குத் தலைவர் எதற்கு, உறுப்பினர் எதற்கு, தேர்தல் எதற்கு? ஊரின் குளத்தைத் தூர் வாருவதா, சந்தைக்குக் கூரை போடுவதா என்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்யும் இடம் அது. அந்த முடிவுக்கு உதவாத மென்பொருளை உள்ளாட்சிக்கான மென்பொருள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பக்கத்திலேயே ஒரு பாடம்

கேரளத்தில் வரிசை வேறாக இருந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் போனது. கையில் பணம் வந்து, அதைக் கொண்டு என்ன செய்வது என்று ஊராட்சிகளே திட்டம் தீட்ட வேண்டிய நிலை வந்த பிறகு, 1999-இல் இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் பிறந்தது. அரசு அமைப்புதான். ஆனால் அது செய்த மென்பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுக்கு ‘சேவனா’. வரிக்கு ‘சஞ்சயா’. கணக்குக்கு ‘சாங்க்யா’. ஊராட்சி தானே தீட்டிய திட்டங்களைப் பின்தொடர ‘சுலேகா’. கூட்டத்தின் அஜெண்டாவுக்கும் மினிட்ஸுக்கும் தீர்மானத்துக்கும் ‘சகர்மா’.

கடைசி இரண்டும்தான் எனக்கு முக்கியம். அதிகாரம் முதலில் இறங்கியது, மென்பொருள் அதன் பின்னால் வந்தது. அதனால் ஊராட்சி முடிவெடுக்கும் இடம் என்பதை மென்பொருளும் ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரி 1 முதல் ‘கே-ஸ்மார்ட்’ என்ற ஒரே தளத்துக்கு நகரங்கள் மாறின. 2025 ஏப்ரலில் கிராம ஊராட்சிகளும் வந்து சேர்ந்தன. ஒரே தளமாகும்போது கூட்டமும் திட்டமும் ஓரத்துக்குப் போய்விடாமல் கேரளத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

கடல் தாண்டியும் ஓர் உதாரணம் உண்டு. ஈகவ் தொடங்கிய அதே 2003-இல் பிரிட்டனில் ‘மைசொசைட்டி’ என்ற தொண்டு நிறுவனமும் தொடங்கியது. தெருவில் குழி, விளக்கு எரியவில்லை, குப்பை என்று எந்தப் புகாரையும் வரைபடத்தில் குத்திக் காட்டினால், எந்தக் கவுன்சிலின் எல்லை என்று அதுவே கண்டுபிடித்து அனுப்பிவைக்கும் ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ தளம் 2007-இல் அவர்கள் செய்தது. புகார் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அங்கேயே நிற்கும். வயிற்றுப்பாட்டுக்கு ‘சொசைட்டிவொர்க்ஸ்’ என்ற துணை நிறுவனம் வைத்து, கவுன்சில்களுக்குக் கட்டணச் சேவை தருகிறார்கள். அந்த வரவு தொண்டு வேலைக்குப் போகிறது. நன்கொடையை மட்டுமே நம்பாமல் இருக்க இது ஒரு வழி.

இங்கிலாந்தில் இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே நம் கிராம ஊராட்சிகளைப் போலப் ‘பாரிஷ் கவுன்சில்’கள் சுமார் 10,000 உண்டு. பலவற்றில் ஒரே ஒரு பகுதிநேர கிளார்க்தான் மொத்த அலுவலகமும். ஆண்டு வரவு செலவு 25,000 பவுண்டைத் தாண்டாத கவுன்சில்கள், 2015 ஏப்ரல் முதல் 100 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும், கூட்ட அஜெண்டாவையும், மினிட்ஸையும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. கணினி வாங்கவும் இணையப் பக்கம் வைக்கவும் அரசே நிதியும் கொடுத்தது. அந்த விதிதான் சின்னக் கவுன்சில்களுக்குச் சேவை செய்யும் சிறு நிறுவனங்களுக்கும் இடம் உண்டாக்கியது. சட்டம் எதைக் கேட்கிறதோ அதையே மென்பொருள் செய்கிறது.

நம்மிடம் மேடைக்குக் குறைவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகளும் கூடத் தொடங்கின. இந்தக் கூட்டங்களுக்கு மைக்கும் ஷாமியானாவும் வந்துவிடுகின்றன; கணக்குதான் வர மாட்டேன் என்கிறது. வார்டு டி.சி.பி., அதாவது கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பது கணினியில் இருக்கிறது. அந்த வார்டிலிருந்து வந்த புகார் எத்தனை, தீர்ந்தது எத்தனை என்பதும் இருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவுக்கு ஒப்பந்தம், பில் பாஸ் ஆனதா என்பதும் கணக்குப் பகுதியில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரு தாளில் தமிழில் அச்செடுத்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அலுவலகப் பலகையில் ஒட்டவும், உறுப்பினர் கைப்பேசிக்கு அனுப்பவும் பெரிய நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை. திறந்த மூலத் தளத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழுவே செய்து முடிக்கக்கூடிய வேலை.

செய்யும்படி ஓர் அரசாணை வேண்டும். அடுத்த முறை நகராட்சி நிர்வாகத் துறையோ ஊரக வளர்ச்சித் துறையோ மென்பொருள் ஒப்பந்தம் போடும்போது, அதை எடுப்பது அறக்கட்டளையானாலும் தனியார் கம்பெனியானாலும், மூன்று நிபந்தனைகளை எழுதட்டும். கவுன்சில் கூட்டத்தின் அஜெண்டாவும் தீர்மானமும் தளத்தில் ஏற வேண்டும். ஊரின் தரவை ஊரே எப்போது வேண்டுமானாலும் முழுசாக இறக்கி எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். மனுப் படிகளை மாற்றும் உரிமை, குறைந்தபட்ச விதிகளுக்கு உட்பட்டு, கவுன்சிலின் தீர்மானத்துக்கு இருக்க வேண்டும். கூடவே, பதிவேட்டைச் சரிசெய்யும் காலத்தில் பில் கலெக்டருக்கும் ஆபரேட்டருக்கும் கூடுதல் ஆளும் கூடுதல் ஊதியமும் கொடுக்க ஒரு தொகையை ஒதுக்கட்டும். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது மிச்சமாகும் உரிமக் கட்டணத்தை அதற்குத் திருப்பிவிடலாம்.

2022-இல் பேரூராட்சிகளுக்கு மட்டும் 7,621 வார்டுகளுக்குத் தேர்தல் அறிவிப்பு வந்தது. வென்று வந்தவர்களில் பெரும்பாலோர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, வார்டு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தெருவிளக்குப் புகாரை அதில் வாங்கி, போட்டோ எடுத்து, ஈ.ஓ.வுக்கு அனுப்பி, ‘பாக்கறேன் மேடம்’ என்ற பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு லாகின் கொடுத்து, தங்கள் வார்டின் வரவையும் செலவையும் நிலுவையில் உள்ள மனுக்களையும் அவர்களே திறந்து பார்க்கவிடுவதற்கு அடுத்த தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை.